பிறப்பிடம் மட்டும் வரலாறாகுமா? ஜேர்மன் பழந்துப்பாக்கிச் சேகரிப்பாளரின் மூல ஆய்வு பற்றி

பழம்பொருட் சேகரிப்பைச் செல்வர்தம் ஓய்வுநேர விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. எப்பொருள் பேணப்படவேண்டும், எது அழியவிடப்படலாம், பேணப்பட்ட பொருளைப் பற்றி எவ்வினாக்கள் கேட்கப்படலாம் என்பவற்றைப் பெருமளவிற்குத் தீர்மானிப்போர் சேகரிப்பாளரே. வரலாற்றுத் துறைகள் கண்ணெடுத்தும் பாராத பல பொருள்கள் அவர்தம் கைகளிலே தங்கியுள்ளன. அப்பொருள்கள் பற்றிய அறிவும் அங்கேயே தங்கியுள்ளது. ஆகவே அவ்வறிவு எத்தகையது, அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்னும் வினா புலமை உலகிற்கு உரிய வினாவேயாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண ஜேர்மன் படைத்துப்பாக்கிகள் மிகப் பொருத்தமான களமாகும். 1841இல் பிரஷ்ய அரசு ஏற்றுக்கொண்ட ட்ரைசேயின் ஊசித் துப்பாக்கி முதல், 1945இல் நாசி அரசு வீழ்ந்தவேளை அவசர அவசரமாகச் செய்யப்பட்ட இறுதித் துப்பாக்கிகள் வரை, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல்லாயிரவர் அவற்றைத் தேடிச் சேர்க்கின்றனர். ஒவ்வொன்றும் எவ்வாலையில், எவ்வாண்டில், எவ்வரசின் கட்டளைப்படி செய்யப்பட்டது எனத் துருவி ஆராய்கின்றனர். இதனை அவர்கள் மூல ஆய்வு என்பர். இவ்வாய்வு நுணுக்கமானது, உழைப்பு மிக்கது. ஆயினும் அது பாதி வரலாறே. மறுபாதி தற்செயலாக விடுபட்டதன்று. சந்தையின் தேவைக்கேற்பவே அது வெளியே நிறுத்தப்பட்டுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

1. முத்திரைகளின் மொழி

முதற்கண் சேகரிப்பாளருக்கு உரிய மதிப்பை வழங்குதல் நியாயமாகும். ஜேர்மன் துப்பாக்கியின் உலோகத்தை வாசிப்பது எளிய காரியமன்று. 1898 ஏப்பிரில் 5ஆந் திகதி ஜேர்மன் இராணுவம் ஏற்றுக்கொண்ட மௌசர் துப்பாக்கியை உதாரணமாகக் கொள்ளலாம். குழல் வந்து பொருந்தும் வளையத்தின் மேல் ஒரு முடி, ஆலையின் பெயர், ஆண்டு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்பண்டௌ, ஏர்பூர்ட், டான்சிக் என்றிருப்பின் அது பிரஷ்ய அரசின் படைக்கலச்சாலை. அம்பேர்க் என்றிருப்பின் பவேரிய மன்னரது சாலை. ஒபேர்ன்டோர்ப் என்றிருப்பின் மௌசர் கம்பனி. தொடரிலக்கம் பத்தாயிரத்தை எட்டியதும் ஓர் எழுத்துச் சேர்க்கப்பட்டு, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அடுத்த ஆண்டு பிறந்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே ஒரே இலக்கந் தாங்கிய துப்பாக்கிகள் பல இருத்தல் கூடும். ஆலை, ஆண்டு, இலக்கம், எழுத்து ஆகிய நான்கும் ஒருங்கே சேர்ந்தாலன்றி ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தல் இயலாது. திருகாணி போன்ற சிற்றுறுப்புகளிலுங்கூட அவ்விலக்கத்தின் இறுதி இரு எண்கள் குத்தப்பட்டிருக்கும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் படைப்பிரிவு, கம்பனி, ஆயுத இலக்கம் என்பனவும் சுருக்கக் குறிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆவணங்களே பொய்யுரைத்த இடங்களிலும் சேகரிப்பாளர் உண்மையைத் தேடிக் கண்டுள்ளனர். ட்ரைசேயின் துப்பாக்கி குழலின் பின்வாய் வழியாகத் தோட்டா இடப்படும் புதுமையான ஆயுதம். அதன் இரகசியம் வெளிவராதிருக்கும் பொருட்டு, பழைய வகையைச் சேர்ந்ததோர் இலேசான தட்டுவெடித் துப்பாக்கி என்றே பிரஷ்ய அரசு அதற்குப் பெயரிட்டது. 1866இல் கோனிக்கிறாட்ஸ் போர்க்களத்தில் ஒஸ்திரியப் படைகள் அதன் வேகத்தைக் கண்டு கலங்கியமை யாவரும் அறிந்ததே. அவ்வாறே 1888ஆம் ஆண்டுத் துப்பாக்கியைப் பலரும் மௌசர் என்றே வழங்கினர். உண்மையில் அது மௌசர் சகோதரரின் படைப்பன்று. 1886இல் பிரான்ஸ் புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்தும் லெபெல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டதும், பின்தங்கிவிடுவோம் என்னும் அச்சத்தில் ஓர் இராணுவக் குழு விரைந்து உருவாக்கிய ஆயுதம் அது. இத்தகைய திருத்தங்களுக்கு வரலாறு சேகரிப்பாளருக்குக் கடமைப்பட்டுள்ளது.

மற்றொரு காரணமும் உண்டு. 1945 ஏப்பிரில் 14ஆந் திகதி பொட்ஸ்டாம் நகர்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் பிரஷ்ய இராணுவச் சுவடிக்கூடம் எரிந்தழிந்தது. பவேரியா, வூர்ட்டம்பேர்க் முதலிய நாடுகளின் படைப்பதிவுகள் பெருமளவு எஞ்சின. பிரஷ்யப் படைகளின் பதிவேடுகளோ பெரும்பாலும் சாம்பலாயின. ஏடு எரிந்த இடத்தில் இரும்பே ஏடாக எஞ்சி நிற்கின்றது. அவ்வேட்டை வாசிக்கத் தெரிந்தோர் சேகரிப்பாளர் சிலரே. ஆகவேதான் அவர்கள் அதனை எவ்வாறு வாசிக்கின்றனர் என்பது முக்கியத்துவம் பெறுகின்றது.

2. எண்ணொப்புமை என்னும் வழிபாடு

சேகரிப்பாளர் உலகின் உயர் விழுமியம் எண்ணொப்புமையாகும். துப்பாக்கியின் எல்லா உறுப்புகளிலும் ஒரே இலக்கம் இருத்தல் வேண்டும். ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே இருத்தல் வேண்டும். ஓர் உறுப்பு மாறியிருப்பினும் விலை வீழ்கின்றது. மாறாத துப்பாக்கி தூயது, மாறியது கலப்பு. பழம்பொருள் என்னும் தகுதியும் இதனோடு சேர்ந்து கணக்கிடப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருள் என வரையறுத்து விலக்களிக்கின்றது. எனவே ஆண்டொன்றைச் சரியாக நிறுவுவது வெறும் அறிவுத்தாகத்தால் மட்டும் நிகழ்வதன்று. சட்டமும் விலையும் அவ்வாய்வின் பின்னால் நிற்கின்றன.

இவ்வழிபாட்டின் விளைவு யாது? ஆயுதமொன்று ஆலையை விட்டு வெளியேறிய பின் அதற்கு நேர்ந்த யாவும் பழுதாகக் கருதப்படுகின்றன. போர்க்களத்திற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் துப்பாக்கிகளைச் சோவியத் படையினர் போரின் பின் பெருந்தொகையாகச் சேர்த்துப் பிரித்துத் துடைத்து, கைக்குக் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு மீளப் பொருத்திக் களஞ்சியப்படுத்தினர். அவற்றுட் சிலவற்றில் சுவஸ்திகா முத்திரை அடித்துச் சிதைக்கப்பட்டுள்ளது. சேகரிப்பாளரின் விலைப்பட்டியலில் இவை கடைநிலைச் சரக்கு. பாசிசத்தின் தோல்வியை இரும்பிற் பதித்துவைத்த ஆவணம் இதுவே என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. வென்றவனின் சுத்தியல் அடித்த அடி, விலையைக் குறைக்கும் குறையாகவே எண்ணப்படுகின்றது. 1948இல் உருவான இஸ்ரேலின் படைகளும் இத்துப்பாக்கிகளைப் பயன்படுத்தின. நாசிக் கழுகும் தாவீதின் நட்சத்திரமும் ஒரே உலோகத்தில் அருகருகே காணப்படுவதுண்டு. மனித வரலாற்றின் இத்தகைய கொடிய முரண்நகையை வேறெந்த ஏட்டிற் காணமுடியும்?

விளங்கிக்கொள்ளப்பட்டதாக எண்ணப்படும் முத்திரைகளும் பாதியே விளங்கப்பட்டுள்ளன. முதலாம் உலகப்போர்க்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் ஆலை ஆண்டுக்கு மேலாக 1920 என்னும் இரண்டாவது ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அது வைமார் அரசின் உடைமைக்குறி என்று சேகரிப்பாளர் சரியாகவே கூறுவர். ஆனால் ஓர் அரசு தன் ஆயுதத்திற்கே மறுமுறை உடைமைக்குறி இடவேண்டிய தேவை ஏன் எழுந்தது? 1918இன் தோல்வியின் பின் துப்பாக்கிகள் கலைந்த படையினரிடமும் தொழிலாளரிடமும் வலதுசாரித் தொண்டர் படைகளிடமும் பரவிக் கிடந்தன. 1919 ஜனவரி 15ஆந் திகதி பெர்லினில் ரோசா லக்சம்பேர்க் துப்பாக்கிப் பிடங்கினால் தாக்கப்பட்டுப் பின்னர் சுட்டுக்கொல்லப்பட்டார். வெர்சேய் உடன்படிக்கை ஜேர்மன் இராணுவத்தை 100,000 பேருக்கு மட்டுப்படுத்தியது. தன் நாட்டில் எத்துப்பாக்கி தன்னுடையது, எது தன்னுடையதன்று என அறியாது தவித்த அரசொன்றின் அச்சமே அந்நான்கு இலக்கங்களில் உறைந்துள்ளது. இரட்டை ஆண்டுத் துப்பாக்கி எனப் பெயரிட்டு விலை குறிப்பதோடு ஆய்வு முடிவடையுமாயின், அது பெயர்ச்சீட்டு ஒட்டும் தொழிலேயன்றி வரலாற்றாய்வாகாது.

3. ஆலைப் பெயரின் பின்னால்

ஆலையின் பெயரை அறிவதே மூல ஆய்வின் உச்சம் எனச் சேகரிப்பாளர் கருதுகின்றனர். ஆனால் செய்தவன் யார் என்னும் வினா அத்துணை மாசற்றதன்று. ஜேர்மனியில் அது ஒருமுறை நஞ்சாகவே பயன்படுத்தப்பட்டது. 1888ஆம் ஆண்டுத் துப்பாக்கியைச் செய்தளித்த நிறுவனங்களுள் பெர்லினிலிருந்த லூட்விக் லோவே கம்பனியும் ஒன்று. அதன் உரிமையாளர் யூதர். 1892இல் ஹெர்மன் ஆல்வார்ட் என்னும் யூத எதிர்ப்பாளர், அக்கம்பனி ஜேர்மன் இராணுவத்தைக் கெடுக்கும் நோக்குடன் பழுதான துப்பாக்கிகளை விற்றது எனக் குற்றஞ்சாட்டி, யூதத் துப்பாக்கிகள் என்னும் பொருள்படும் தலைப்பிலே ஒரு பிரசுரம் வெளியிட்டார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. எனினும் தண்டனை பெற்றவரையே வாக்காளர் நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். துப்பாக்கியின் பிறப்பிடம் அதன் தரத்துக்குச் சான்றாக்கப்பட்டது. செய்தவனின் பிறப்பு அவனது குற்றத்துக்குச் சான்றாக்கப்பட்டது.

அந்நஞ்சு முதிர்ந்து பலன்தந்த இடம் துரிங்கியா மாநிலத்தின் சூல் நகரமாகும். அங்கிருந்த சிம்சன் கம்பனி ஒரு யூதக் குடும்பத்தின் உடைமை. முதலாம் உலகப்போரில் 1898ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகளைச் செய்த இக்கம்பனி, வைமார்க் காலத்தில் இராணுவத்திற்கு ஆயுதமளிக்கும் உரிமையும் பெற்றிருந்தது. 1935இல் நாசிக் கட்சியின் மாநிலத் தலைவரான பிரிட்ஸ் சௌக்கல் ஆலையைப் பறித்தெடுத்தார். குடும்பத்தினர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆலை முதலில் பி.எஸ்.டபிள்யூ. எனவும், பின்னர் ஒரு நாசித் தலைவரின் நினைவாகக் குஸ்ட்லோப் ஆலை எனவும் பெயர்மாற்றம் பெற்றது. அதன் வைமார்க் கிளையின் துப்பாக்கிகள் 337 என்னும் எண்ணையும், பின்னர் பி.சி.டி. என்னும் எழுத்துகளையும் தாங்கி வெளிவந்தன.

சேகரிப்பாளரின் அட்டவணையில் இவை யாவும் உள்ளன. சிம்சன், பி.எஸ்.டபிள்யூ., 337, பி.சி.டி. என நிரல்படுத்தி, இன்னது அரிது, இன்னது மலிவு என அவர்கள் கூறுவர். அந்நிரலில் ஒரு பெயர் மறைந்து மற்றொன்று தோன்றும் இடைவெளியில் ஒரு கொள்ளை நிகழ்ந்தது என்பதை அவ்வட்டவணை கூறாது. எண்களும் எழுத்துகளும் எதற்காக வந்தன? எவ்வாலை எவ்வளவு ஆயுதம் செய்கின்றது என்பதை வெளியார் அறியாதிருக்கும் பொருட்டே அக்குறியீடுகள் வகுக்கப்பட்டன. மறைப்பதற்கென வகுக்கப்பட்ட குறியின் முதற்றிரையைச் சேகரிப்பாளர் நீக்கினர். ஆலையின் பெயர் வெளிவந்தது. இரண்டாந் திரையை அவர்கள் தொடவில்லை. அதன் பின்னால் நிற்போர் தொழிலாளர்.

அவர்கள் யாவர்? குஸ்ட்லோப் நிறுவனம் புகென்வால்ட் வதைமுகாமின் அருகிலேயே ஓர் ஆலையை நிறுவி, அங்குள்ள கைதிகளைக் கொண்டு ஆயுத உற்பத்தி செய்தது. 1944 ஆகஸ்ட் 24ஆந் திகதி அவ்வாலைமீது நேசநாட்டு விமானங்கள் குண்டுவீசியபோது இறந்தோருட் பலர் அக்கைதிகளே. ஒஸ்திரியாவின் ஸ்டையர் நிறுவனமும் மௌட்ஹௌசன் முகாமின் கிளையாகிய கூசனில் கைதிகளின் உழைப்பால் துப்பாக்கி உறுப்புகளைச் செய்வித்தது. அதன் குறி பி.என்.இசட். என்பதாகும். 1942 முதல் ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்களைக் கட்டாய உழைப்புக்குத் திரட்டும் பொறுப்பை வகித்தவரும் சிம்சன் ஆலையைப் பறித்த அதே சௌக்கல்தான். நியூரெம்பேர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி 1946 ஒக்டோபர் 16ஆந் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

போரின் இறுதிக்காலத் துப்பாக்கிகளின் கரடுமுரடான வேலைப்பாட்டைச் சேகரிப்பாளர் நுணுக்கமாக வருணிப்பர். அரம் தேய்த்த தடங்கள் துடைக்கப்படவில்லை, மரம் மெருகிடப்படவில்லை, உறுப்புகள் குறைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மூலப்பொருட் பற்றாக்குறையையும் காலநெருக்கடியையும் காரணங் கூறுவர். அது தவறன்று. ஆனால் பசியால் நடுங்கிய கைகள் என்னும் சொற்றொடர் அவ்வருணனையில் எங்கும் இடம்பெறுவதில்லை. பொருளிற் படிந்த உழைப்பை மறந்து பொருளை மட்டும் வழிபடுதல் பண்டச் சமூகத்தின் பொதுநோய். இங்கு அந்நோய் முற்றிய நிலையிற் காணப்படுகின்றது.

4. குழலின் எதிர்ப்புறம்

துப்பாக்கிக்கு இரு புறங்கள் உண்டு. பிடங்கின் பக்கம் நிற்பவனை மூல ஆய்வு ஓரளவு அறியும். குழல்வாய்க்கு எதிரே நின்றவர்களை அது அறியவே அறியாது.

சில ஜேர்மன் துப்பாக்கிகளில் கே.எஸ். என்னும் ஈரெழுத்து முத்திரை காணப்படும். கெய்சரின் பாதுகாப்புப் படை என்பதன் சுருக்கம் அது. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிறுத்தப்பட்ட படைக்கு வழங்கிய பெயர் அதுவே. அம்முத்திரை அரிதாகையால் விலை மிகுந்தது. அப்படை யாரை யாரிடமிருந்து பாதுகாத்தது? 1904 ஒக்டோபர் 2ஆந் திகதி தென்மேற்கு ஆபிரிக்காவில் தளபதி வொன் ட்ரோத்தா, ஜேர்மன் எல்லைக்குட் காணப்படும் ஹெரேரோ ஆண் எவரும், ஆயுதம் தாங்கியவராயினும் அன்றேல் தாங்காதவராயினும், சுடப்படுவர் என ஆணையிட்டார். ஹெரேரோ மக்கள் நீரற்ற ஒமஹேக்கேப் பாலைக்குள் விரட்டப்பட்டனர்; நாமா மக்களும் அழிவுக்குள்ளாயினர். அது இனப்படுகொலையே என ஜேர்மன் அரசு ஏற்றுக்கொண்டது 2021இலாகும்.

கிழக்காபிரிக்காவில் 1905 முதல் 1907 வரை நிகழ்ந்த மஜி மஜி எழுச்சியிலோ, மந்திரித்த நீர் ஜேர்மன் குண்டுகளை நீராக்கிவிடும் என்னும் நம்பிக்கையுடன் மக்கள் துப்பாக்கிகளின் முன் வந்து நின்றனர். மஜி என்பது சுவாகிலி மொழியில் நீர். எழுச்சியை அடக்கப் பயிர்களும் களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன. பஞ்சத்தில் மாண்டோரையும் சேர்த்து இறந்தோர் தொகை குறைந்த மதிப்பீட்டின்படியே 75,000. அங்கு ஆபிரிக்கச் சிப்பாய்களின் கைகளில் இருந்தது கரும்புகை கக்கும் 11 மில்லிமீற்றர் மௌசர். 1871ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தது. ஐரோப்பாவிற் பழையதாகி ஒதுக்கப்பட்ட ஆயுதம் ஆபிரிக்காவிற் பழையதாகவில்லை. பழம்பொருள் என்னும் சொல்லே யாருக்குப் பழம்பொருள் என்னும் வினாவை உடன்கொண்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அதே 1871ஆம் ஆண்டு மாதிரி வேறொரு திசையிலும் சென்றது. 1914 யூலை 26ஆந் திகதி, ஹம்பேர்க்கில் வாங்கப்பட்ட பழைய மௌசர் துப்பாக்கிகள் 900, ஏர்ஸ்கின் சில்டர்ஸ் செலுத்திய அஸ்கார்ட் என்னும் பாய்க்கப்பலில் டப்ளினுக்கு அண்மையிலுள்ள ஹோத் துறைமுகத்தில் இறங்கின. மேலும் 600 சில நாட்களின் பின் வேறொரு கரையிற் சேர்ந்தன. நாற்பதாண்டு கடந்த அத்துப்பாக்கிகளுட் பல 1916ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு எழுச்சியில் அயர்லாந்து விடுதலைப் போராளிகளின் தோள்களில் இருந்தன. ஹோத் துப்பாக்கி ஒன்றைச் சேகரிப்பாளரின் முறைப்படி ஆராய்ந்தால் கிடைப்பது ஒரு ஜேர்மன் ஆலையும் ஓர் ஆண்டும் மட்டுமே. அயர்லாந்து மக்கள் அதனை நூதனசாலையில் வைத்துப் போற்றுவதற்கான காரணம் அவ்வாலை முத்திரையில் இல்லை.

பிறப்பிடம் ஒன்றாயினும் வாழ்க்கை வேறு. ஒன்று மக்களை அடக்கியது. மற்றொன்று அடக்கப்பட்ட மக்களின் கையிற் சேர்ந்தது. இவ்வேறுபாட்டைக் காட்டமுடியாத ஆய்வுமுறை எத்துணை நுணுக்கமுடையதாயினும் வரலாற்றுக் குருடேயாகும்.

5. மறுப்புகளும் விடைகளும்

சேகரிப்பாளர் தரப்பிலிருந்து மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது, தாம் இரும்பையும் மரத்தையும் ஆராய்வோர். அரசியல் தமக்கு வேண்டாம் என்பது. ஆனால் அவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடிகொண்டு தேடும் முடியும் கழுகும் மன்னர் பெயரெழுத்தும் அரசியலன்றி வேறென்ன? அம்முத்திரைகளை நீக்கிவிட்டால் அவர்களது ஆய்வுக்குப் பொருளே எஞ்சாது. அரசின் குறியை வாசிப்பது அறிவு, அவ்வரசின் செயலை வாசிப்பது அரசியல் என்னும் பிரிவினை நேர்மையானதன்று.

இரண்டாவது, பிற்கால வரலாற்றுக்குச் சான்றில்லை. ஒரு குறித்த துப்பாக்கி எங்கு சென்றது, எவரைக் கொன்றது என எவ்வாறு கூறமுடியும் என்பது. தனியொரு துப்பாக்கியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. ஆனால் இந்நியாயத்தைச் சேகரிப்பாளர் உலகம் எப்போதும் பின்பற்றுகின்றதா? இன்ன போரில் இன்ன வீரர் தாங்கிய துப்பாக்கி என்னும் விற்பனைக் கதைகள் எவ்வித ஆவணமுமின்றி உலவுகின்றன. எஸ்.எஸ். படையின் முத்திரை விலையை உயர்த்துகின்றமையால் அம்முத்திரையைப் பொய்யாகப் பொறிப்போர் பெருகியுள்ளனர். தென்னாபிரிக்காவின் போயர் குடியேறிகள் 1890களில் ஜேர்மனியிலிருந்து மௌசர்களை வாங்கி, 1899 முதல் 1902 வரை பிரித்தானியரோடு பொருதனர். சிறைப்பட்டோருள் ஆயிரக்கணக்கானோர் நம் நாட்டின் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் சிலர் தம் பெயரைப் பிடங்கு மரத்திற் செதுக்கியிருந்தனர். அம்மரம் பழுதுபட்டதென எவரும் கூறுவதில்லை; அதன் விலை ஏறுகின்றது. ஆலைத் தூய்மை என்னும் கொள்கை அங்கு எங்கே போயிற்று? விலையை ஏற்றும் வடு வரலாறாகின்றது. ஏற்றாத வடு பழுதாகின்றது. கொள்கையென்று கூறப்படுவது உண்மையில் சந்தையின் குரலே. தனித்துப்பாக்கியைப் பற்றிக் கூறமுடியாதாயினும், எவ்வாலை எவருடைய உழைப்பைச் சுரண்டியது, எம்மாதிரி எந்நாட்டிற்குச் சென்றது, எப்படை அதனைத் தாங்கியது என்பன நிறுவப்பட்ட செய்திகள். அவற்றைக் கூறத் தடையாவது சான்றின்மை அன்று.

மூன்றாவது மறுப்பே வலிமை மிக்கது. தாம் காப்பாற்றியிராவிடின் இப்பொருள்கள் உலைக்களத்தில் உருகியிருக்கும் என்பர் அவர்கள். இது மெய். அதனாலேயே அவர்களிடம் கூடுதலாக எதிர்பார்க்கவேண்டியுள்ளது. உடலைக் காத்தவர் அதன் வடுக்களையும் காத்தல் கடன். மாறாக, எண்ணொப்புமைக்காகப் பிற்கால உறுப்புகளைக் கழற்றி எறிவதும், பொருந்தா இலக்கத்தைத் தேய்த்துப் புதிய இலக்கம் குத்துவதும் நடைபெறுகின்றன. காப்போரின் கையாலேயே சான்று அழிகின்றது.

6. செய்யவேண்டுவன

ஆயுதத்தின் மூலத்தை ஆராய்வது வேறுவகையாகவும் நிகழக்கூடும் என்பதற்கு இலங்கை வாசகர் அறிந்த சான்று ஒன்றுண்டு. 1765இல் கண்டி அரண்மனையை ஒல்லாந்தர் சூறையாடியபோது கொண்டுசென்ற லெவ்கே பீரங்கி நெடுங்காலம் அம்ஸ்டர்டாம் நூதனசாலையிற் காட்சிப்பொருளாக இருந்தது. அதன் வேலைப்பாட்டைப் பற்றிமட்டும் ஆராய்ந்திருப்பின் அது இன்றும் அங்கேயே இருந்திருக்கும். யார் செய்தார் என்பதோடு நில்லாது, எவ்வாறு, எவரிடமிருந்து வந்தது என்றும் இரு நாட்டு ஆய்வாளரும் வினவினர். 2023இல் பீரங்கி இலங்கைக்கு மீண்டது. வினா மாறியமையால் விளைவும் மாறியது.

ஜேர்மன் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை மூன்று மாற்றங்கள் இன்றியமையாதன. ஒரு துப்பாக்கியின் விவரணம் ஆலை முத்திரையோடு முடியாது, அதன்மீதுள்ள எல்லா முத்திரைகளையும் மாற்றங்களையும் சிதைவுகளையும் சமமதிப்புடன் பதிதல் வேண்டும். எதனையும் தேய்த்தழித்தல் குற்றமெனக் கருதப்படல் வேண்டும். குறியீட்டு அட்டவணைகளில் கம்பனிப் பெயரின் அருகே அங்கு உழைத்தோரின் நிலையும் இடம்பெறல் வேண்டும். புகென்வால்டிலும் மௌட்ஹௌசனிலும் உள்ள நினைவகங்கள் அவ்வரலாற்றைப் பேணிவருகையில், அறியமுடியவில்லை என்னும் சாக்கு நிலைக்காது. மூன்றாவதாக, குடியேற்ற நாட்டுப் படைகளின் முத்திரை கண்டவிடத்து அப்படை செய்ததையும் எழுதுதல் வேண்டும்.

குற்றம் சேகரிப்பாளர் பக்கம் மட்டும் இல்லை. பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஆவணத்தோடு அமைதியுற்று, இரும்பையும் மரத்தையும் ஏலக்கடைக்கு விட்டுவிட்டனர். பொருளை வாசிக்கத் தெரிந்தவர் சமூகத்தை வாசிக்க மறுக்கின்றார். சமூகத்தை வாசிக்கத் தெரிந்தவர் பொருளைத் தொட மறுக்கின்றார். இவ்விரு மறுப்புகளுக்கும் இடையில் சந்தை தன் வரலாற்றை எழுதிக்கொள்கின்றது. பொட்ஸ்டாமின் ஏடுகள் எரிந்தபின் எஞ்சியுள்ள ஏடு இவ்விரும்பே. அதிலுள்ள முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு நூலை மூடிவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. முடியும் கழுகும் பொறித்த கையை அறிய முயல்வோர், கூசனில் அரம் பிடித்த கையையும் ஒமஹேக்கேயில் நீர்தேடி மணலைத் தோண்டிய கையையும் அறிய முயலட்டும். அப்போதுதான் மூல ஆய்வு என்னும் பெயருக்கு அவர்களது முயற்சி தகுதிபெறும்.